சிகாகோ சிறுதானிய விஸ்கி குடித்துப் பார்த்தோம்: தானியம் எங்கே போனது?

குகைவாசி:
தலைப்பிலேயே சண்டையை ஆரம்பித்துவிட்டேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சிகாகோவில் இருக்கும் சித்தப்பா பையன் ஊருக்கு வந்தபோது ஒரு பாட்டில் கொண்டுவந்தான். கோவல் என்கிற சின்ன டிஸ்டிலரியின் மில்லட் விஸ்கி. பார்லி, மக்காச்சோளம், ரை என்கிற கம்புபோன்ற குளிர்நாட்டுத் தானியம் எதுவும் சேர்க்காமல் முழுக்கச் சிறுதானியத்தில் செய்தது. ஆல்கஹால் 40 சதவீதம். ஒரு பாட்டிலில் இருப்பது ஒரே பீப்பாயின் சரக்கு, இரண்டு பீப்பாயைக் கலப்பதில்லை. ராபர்ட், சோனட் பிர்னெக்கர் என்ற கணவன் மனைவி 2008-இல் தொடங்கியது. ராபர்ட் ஆஸ்திரியாக்காரர், தாத்தா பாட்டி காலத்திலிருந்தே சாராயம் வடித்த குடும்பம். அந்த அம்மா பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவர்.

சேலத்து வெயிலில் திறக்க மனசு வரவில்லை. இங்கே அடிக்கடி எழுதும் காப்பித்தோட்டக்காரர் அண்ணன் வீட்டு வராந்தாவில், ஏற்காட்டில் வைத்துத் திறந்தோம்.

நிறம் அடர்ந்த தேன் நிறம். மூக்குக்கு முதலில் வந்தது வனிலாவும் காய்ச்சிய சர்க்கரையும். இது எந்த அமெரிக்க விஸ்கியிலும் இருப்பதுதான். கால் மணி நேரம் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு மறுபடி மோந்தால் அடியில் வேறு ஒன்று இருக்கிறது. காய்ந்த, உமி கலந்த வாசம். முறத்தில் சாமை புடைக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்தத் தூசி. நாக்கில் இனிப்பு, ஆனால் கனம் இல்லை. விழுங்கியதும் சீக்கிரம் மறைந்துவிடுகிறது, கடைசியில் லேசான துவர்ப்பு. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டபோது வனிலா பின்னுக்குப் போய் உமி வாசம் முன்னுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டேன், எல்லாமே போய்விட்டது.

அண்ணன் கட்சி வேறு. அவரே வந்து சொல்லட்டும். என் கேள்வி இதுதான்: நான் மோந்தது நிஜமாகவே தானியமா, லேபிளைப் படித்ததால் வந்த பிரமையா?

காப்பித்தோட்டக்காரர்:
பிரமைதான் தம்பி.

லேபிளை மறைத்துவிட்டு ஊற்றிக் கொடுத்திருந்தால் நல்ல போர்பன் (அமெரிக்க மக்காச்சோள விஸ்கி), கொஞ்சம் இளசு என்று சொல்லியிருப்பேன். உள்பக்கம் கரித்த புது ஓக் பீப்பாயில் எதைப் போட்டாலும் வனிலா வரும். அதிலும் இவர்கள் பீப்பாய் சின்னது. அமெரிக்காவில் வழக்கமான பீப்பாய் 53 கேலன், அதாவது 200 லிட்டர். இவர்களுடையது 30 கேலன். பீப்பாய் சிறுத்தால் லிட்டருக்கு உரசுகிற மரம் அதிகம். மர வாசம் சடசடவென்று ஏறிவிடும், பக்குவம் அந்த வேகத்தில் வராது. காப்பியைக் கருக வறுத்துவிட்டு எந்தத் தோட்டத்துக் கொட்டை என்று கேட்கிற கதைதான் இது.

குடிக்க நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்குவேனா என்றால் மாட்டேன்.

தாரமங்கலம்_தறி:
தானியம் தெரிகிறதா என்று ஆராயும் அளவுக்கு நம் ஆட்கள் வளர்ந்துவிட்டதில் சந்தோஷம். கடையில் விஸ்கி என்று எழுதி விற்கிற சரக்கில் எந்தத் தானியம் தெரிகிறது, அதை முதலில் யாராவது சொல்லுங்கப்பா.

பெங்களூர்_சேலத்தான்:
தறி அண்ணே, கரும்பு தெரியும் :)

ஈஸ்ட்_வாத்தியார்:
சிரிப்பாக எழுதினாலும் உண்மை அதுதான். குறைந்த விலை இந்திய விஸ்கிகளில் பெரும்பகுதி மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த நியூட்ரல் ஆல்கஹால். 96 சதவீதம் வரை வடித்துவிட்டால் மூலப்பொருளின் வாசனை எதுவும் மிஞ்சாது. அதில் கொஞ்சம் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லிச் சாராயம், நிறத்துக்குக் கேரமல். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதை விஸ்கி என்று விற்க முடியாது. அங்கே தானியத்தில் வடித்து, மரப்பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடந்தால்தான் அந்தப் பெயர். அமெரிக்காவில் 95 சதவீதத்துக்குக் கீழே வடிக்க வேண்டும், ஓக் மரம் தொட்டிருக்க வேண்டும், தானியமாக இருக்க வேண்டும். சிறுதானியமும் தானியம்தான் என்பதால் கோவல்காரர்களுக்குச் சட்டச் சிக்கல் இல்லை.

இப்போது குகைவாசியின் மூக்குக்கு வருவோம். ஈஸ்டுக்கு மாவுச்சத்தைத் தின்னத் தெரியாது, சர்க்கரைதான் வேண்டும். மாவைச் சர்க்கரையாக வெட்டுவது அமைலேஸ் என்சைம்கள். பார்லியை முளைகட்டினால் இந்த என்சைம்கள் தாராளமாகக் கிடைக்கும். விஸ்கி உலகம் முழுக்கப் பார்லியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு முக்கியக் காரணம் ருசியைவிட இந்த வசதிதான். சிறுதானிய முளையில் பீட்டா அமைலேஸ் குறைவு. போதாததற்கு மாவு வெந்து கூழாகிற வெப்பநிலையும் பார்லியைவிட உயரம். வேலை இரட்டிப்பு.

அதே நேரம் சிறுதானியத்தில் அரிசியைவிடக் கொழுப்பு அதிகம். கம்பு மாவு அரைத்துவைத்தால் சீக்கிரம் காறிப்போவது அதனால்தான். அந்தக் கொழுப்பிலிருந்து வரும் அமிலங்களும் எஸ்டர்களும் ஆவியோடு கொஞ்சம் ஏறி வரும். குகைவாசி சொல்லும் உமி வாசத்துக்கு வழி உண்டு, பிரமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அவை அதிகமாக வருவது வடிப்பின் கடைசிப் பகுதியில். கோவல் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு முதலில் வரும் தலையையும் கடைசியில் வரும் வாலையும் ஒதுக்குவதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. வாலை இறுக்கமாக வெட்டினால் சுத்தமாக இருக்கும், கனமும் போய்விடும். அவர் நாக்கில் பட்டது இதுதான் என்பது என் ஊகம்.

சாமை_சோறு:
இவ்வளவு பேசிவிட்டு எந்தச் சிறுதானியம் என்று ஒருவரும் கேட்கவில்லையே. சிறுதானியக் கடை வைத்திருக்கிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன். தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது நீங்கள் எல்லாரும் செய்கிற வேலை.

அமெரிக்காவில் பெரிய அளவில் விளைவது பனிவரகு. கொலராடோ, நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா பக்கம். அதில் நிறையப் பறவைத் தீனிக்குப் போகிறது. நம் சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன் பக்கம் மலைக்காரர்கள் போடுவது சாமை. பனிவரகின் மணி பெரிசு, உருண்டை, மேல்தோல் பளபளப்பு. வறுத்தால் இனிப்பு வாசம்தான் முன்னே வரும். சாமை மணி பொடிசு, வறுத்தால் காரமான புகைவாசம் தூக்கலாக இருக்கும், நல்ல சாமை என்றால் நாலு வீட்டுக்குத் தெரியும்.

ஆகவே குகைவாசி தம்பி, சாமை புடைத்த தூசி என்று நீங்கள் எழுதியதில் எனக்குச் சந்தேகம். கடைக்கு வந்தால் இரண்டையும் தருகிறேன், இரும்புச் சட்டியில் வறுத்து மோந்து பாருங்கள். நான் குடிப்பதில்லை, மோந்து பார்க்க வரலாம்.

இன்னொன்று. ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு தானியம் வேண்டும்? வாத்தியார் கணக்குப் போட்டுச் சொன்னால் நல்லது. சாமை அரிசி கிலோ நூறு ரூபாய்ச் சுற்றில் போகிற காலத்தில் இது கட்டுபடியாகுமா?

ஈஸ்ட்_வாத்தியார்:
மால்ட் பார்லி ஒரு டன்னுக்குச் சுத்த ஆல்கஹால் 400 லிட்டர் பக்கம் கிடைக்கும். 750 மில்லி பாட்டில், 40 சதவீதம் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் 300 மில்லி. அதாவது முக்கால் கிலோ பார்லி. சாமையில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், பீப்பாயில் ஆவியாகிப் போவதையும் சேர்த்தால் கிலோ ஒன்று, ஒன்றேகால் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக நூற்றுச் சொச்சம் ரூபாய்த் தானியம். விஸ்கி விலையில் தானியம் பெரிய பங்கு இல்லை அம்மா. பீப்பாய், காத்திருக்கும் வருடங்கள், வரி, இந்த மூன்றும்தான்.

சாமை_சோறு:
முளைகட்ட வேண்டுமென்றால் உமியோடு இருக்கும் மணிதான் வேண்டும், இல்லையா? அரிசியாக்கியதில் முளை வராது. உமியோடு என்றால் விலை இன்னும் குறையும். சாமையில் கஷ்டமே குத்துகிற வேலைதான். அந்த வேலை இல்லையென்றால் மலைக்காரர்களுக்கு லாபம்தான்.

பெங்களூர்_சேலத்தான்:
இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் ஏன் செய்யக் கூடாது?

இங்கே பெங்களூரில் அம்ருத் என்கிற விஸ்கி கம்பெனி இருக்கிறது. நம்மூர்ப் பார்லியில் வடித்து 2004-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகப்படுத்தியவர்கள். இந்தியாவில் பெரிய பிரச்சினை ஆவியாகிப் போவது. ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு 2 சதவீதம் போகும், பெங்களூரில் 10 முதல் 12 வரை போகிறது என்று சொல்கிறார்கள். உயரம் கூடினால் குளிர்ச்சி, ஆவியாவதும் குறையும். பெங்களூர் 900 மீட்டர். ஏற்காடு 1500 மீட்டர், சேர்வராயன் கோயில் உச்சி 1600-க்கும் மேலே. பீப்பாய்க்கு இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானலை விட்டால் வேறு எங்கே?

சிறுதானியத்தில் சாராயம் ஒன்றும் புதுசில்லை. சீனாவின் பைஜியு என்கிற சாராயம் பெரும்பாலும் சோளத்தில்தான். அதில் பேர்போன மவுத்தாய் 53 சதவீதம், ஆத்தூர் பக்கம் மாட்டுக்குப் போடுகிற அதே சோளக் குடும்பம். சிக்கிம், நேபாளம் பக்கம் தோங்பா என்று கேழ்வரகைப் புளிக்கவைத்து மூங்கில் குவளையில் போட்டு வெந்நீர் ஊற்றி உறிஞ்சுவார்கள். கோவாவின் முந்திரிப்பழச் சாராயமான ஃபெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள். சேலத்து மாம்பழம், ஜவ்வரிசி என்று பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் சேர்வராயன் சாமை விஸ்கி என்று ஒன்று வந்தால் எப்படி இருக்கும்?

காப்பித்தோட்டக்காரர்:
என் தோட்டத்தில் சில்வர் ஓக் வேறு நிறைய நிற்கிறது. மிளகுக் கொடியை இறக்கிவிட்டுப் பீப்பாய் செய்துவிடலாமா வாத்தியாரே?

ஈஸ்ட்_வாத்தியார்:
செய்தால் விஸ்கி முழுக்கத் தரையில் இருக்கும். சில்வர் ஓக் உண்மையில் ஓக் குடும்பமே இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்து நட்ட மரம். பீப்பாய்க்கு வேண்டியது வெள்ளை ஓக். அந்த மரத்தின் நீர்க்குழாய்கள் உள்ளே தானாகவே அடைத்துக்கொள்ளும், அதனால் ஒழுகாது. கரித்தால் வனிலா வாசம் தரும் வனிலின் வருவதும் அதில்தான். மிளகை அப்படியே விடுங்கள், விலை நன்றாக இருக்கிறது.

ஓமலூர்_பைக்:
அண்ணா வீட்டிலேயே சின்னதாக குக்கர் வைத்து

நெறியாளர்:
மேலே உள்ள பதிவின் மீதியை நீக்கியிருக்கிறேன். வீட்டில் வடிப்பதைப் பற்றி இங்கே ஒரு வரியும் வேண்டாம். தமிழ்நாட்டில் அது குற்றம். 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், அதற்குப் பிறகு சட்டத்தை ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கியிருக்கிறார்கள். 21 வயது ஆகாதவர்கள் இந்த இழையைத் தாண்டிப் போகவும். மற்றவர்கள் தொடரலாம்.

ஈஸ்ட்_வாத்தியார்:
நெறியாளர் செய்தது சரி. ஒரு விளக்கம் மட்டும், ஏனென்றால் பலருக்கு இதில் குழப்பம் இருக்கிறது. தானியத்தைப் புளிக்கவைத்தால் மெத்தனால் மிகக் கொஞ்சம்தான் வரும். அது பெக்டினிலிருந்து வருவது, பழத்தோலில் அதிகம், தானியத்தில் குறைவு. கள்ளக்குறிச்சியில் ஆளைக் கொன்றது தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்தது. குடித்தால் உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக்கும், முதலில் கண் போகும். சாராயத்தோடு கலந்தால் நிறத்திலும் வாசத்திலும் வித்தியாசம் தெரியாது. மோந்து பார்த்துக் கண்டுபிடிப்பேன் என்று சொல்கிறவனை நம்பாதீர்கள்.

தாரமங்கலம்_தறி:
பெங்களூர்த் தம்பிக்கு ஆசை பெரிசு. ஊர் எது என்று மறந்துவிட்டது போல. இந்தியாவுக்கே வழிகாட்டி என்று சொல்லி மதுவிலக்கை ஆரம்பித்த மாவட்டம் இது. 1937 அக்டோபர் 1. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக (இன்றைய முதல்வர் போல) வந்ததும் முதலில் கை வைத்தது சேலத்தில். அன்றைய சேலம் என்றால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்த்து. அதில் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். மதுவிலக்கு போய்விட்டது, வரி இருக்கிறது. வியாபாரி என்ற முறையில் இதை மட்டும் என்னால் மறக்க முடியாது.

அப்புறம் 1971-இல் திறந்தார்கள், 1974-இல் மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் வந்தது, 2003-இலிருந்து சில்லறைக் கடையும் அரசாங்கமே. கள்ளுக்கு 1987-இலிருந்து தடை. பனை ஏறுகிறவன் தன் மரத்துக் கள்ளை விற்க முடியாத ஊரில் சாமை விஸ்கிக்கு யார் அனுமதி கொடுப்பது?

பெங்களூர்_சேலத்தான்:
சிகாகோவிலும் இப்படித்தான் அண்ணே இருந்தது. டிஸ்டிலரிக்குள்ளேயே வருகிறவர்களுக்குச் சுவைக்கக் கொடுக்கவும் விற்கவும் அங்கே சட்டம் இடம் கொடுக்கவில்லை. கோவல்காரர்கள் ஆட்களைப் பார்த்துப் பேசி இல்லினாய் மாநிலச் சட்டத்தையே மாற்றவைத்தார்கள். சின்ன டிஸ்டிலரி பிழைப்பதே அந்த வாசல் வியாபாரத்தில்தான். பெரிய கம்பெனியோடு கடை அலமாரியில் போட்டி போட்டால் காணாமல் போய்விடும்.

தாரமங்கலம்_தறி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். இங்கே வாசலில் விற்க முடியாது, டாஸ்மாக்குக்குத்தான் கொடுக்க வேண்டும். கவுன்ட்டரில் கம்பிக்கு வெளியே நின்று கையை நீட்டுகிறவனிடம் "அண்ணா, இது நடுப்பகுதி மட்டும் எடுத்தது, கால் மணி நேரம் வைத்து மோந்து பாருங்கள்" என்று யார் சொல்வார்கள்? நான் குடிக்கு எதிரி இல்லை. ஆனால் எங்கள் தெருவில் சம்பள நாளன்று என்ன நடக்கிறது என்று பார்க்கிறவன். தறி ஓடாத வாரம்கூடக் கடை ஓடும். இதில் இன்னொரு சரக்கு வந்தால் பெண்கள் யாரும் ஆரத்தி எடுக்க மாட்டார்கள்.

சாமை_சோறு:
தறி அண்ணன் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். கடைசி வரியில் முழுச் சம்மதம். ஆனால் மலைக்காரர் சாமைக்கு நல்ல விலை கொடுத்து வாங்க ஆள் வேண்டும். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தபோது கடையில் கூட்டம், வருடம் முடிந்ததும் குறைந்துவிட்டது. பிஸ்கட் போட்டாலும் வாங்குவேன், விஸ்கி போட்டாலும் தானியத்தை விற்பேன்.

குகைவாசி:
அக்கா கடையிலிருந்து பனிவரகும் சாமையும் கால் கால் கிலோ வாங்கிவந்து தனித்தனியாக வறுத்தேன். வீட்டில் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதவில்லை. வறுத்ததை அப்படியே தட்டில் கொட்டி, பக்கத்தில் கிளாஸை வைத்து மாற்றி மாற்றி மோந்தேன். அக்கா சொன்னது சரிதான், சாமையின் புகைவாசம் விஸ்கியில் இல்லவே இல்லை. பனிவரகு பொரிந்து வெடிக்கத் தொடங்கும் நேரத்தில் ஒரு இனிப்பு வாசம் வருகிறது, சட்டியை இறக்கினால் உடனே போய்விடுகிறது. அது விஸ்கியில் இருக்கிறது. உமித்தூசி அதற்குப் பின்னால்.

அதைவிட முக்கியம் காலிக் கிளாஸ். இரவு கழுவாமல் மூடிவைத்துவிட்டுக் காலையில் திறந்தேன். அடியில் காய்ந்த வளையம், தொட்டால் லேசாகப் பிசுபிசுப்பு. ஆல்கஹால் போய்விட்டதால் மூக்கு எரியவில்லை. மர வாசமும் கரியும் பலமாக இருந்தது, அண்ணன் கட்சிக்கு ஒரு புள்ளி. ஆனால் வனிலா அடங்கிவிட்டது, அந்த இடத்தில் புதுசாக அரைத்த மாவின் வாசம். காப்பித்தோட்டக்காரர் அண்ணன் நேரில் வந்தால் கிளாஸைக் காட்டுகிறேன்.

காப்பித்தோட்டக்காரர்:
காய்ந்த கிளாஸை மோந்து பார்க்க மலையிறங்கி இருபது கொண்டை ஊசி வளைவு திரும்ப மாட்டேன் தம்பி. தானியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மோந்தால் கிளாஸிலும் தானியம்தான் தெரியும். ஒரு போர்பனையும் இதையும் பெயர் தெரியாமல் வேறு யாராவது ஊற்றிக் கொடுத்து நீ பிரித்துச் சொல்லு, அப்போது ஒத்துக்கொள்கிறேன்.

பெங்களூர்_சேலத்தான்:
போர்பன் என் செலவு. அடுத்த வாரம் வருகிறேன். ஊற்றுவதும் நானே, இரண்டு பேரும் முதுகைக் காட்டி உட்காருங்கள். தொட்டுக்கொள்ள என்ன? செவ்வாய்ப்பேட்டை தட்டுவடை செட் வாங்கிவரவா?

ஈஸ்ட்_வாத்தியார்:
பரிசோதனை முடிகிற வரை தட்டுவடை செட் கூடாது. பூண்டுச் சட்னி ஒரு வாய் போதும், அப்புறம் ஓக் மரமும் தெரியாது பனிவரகும் தெரியாது. உப்புப் போடாத வறுகடலையும் தண்ணீரும் போதும். இரண்டு விஸ்கியும் ஒரே சதவீதத்துக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் எரிச்சலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். போர்பன் 45 என்றால் 90 மில்லிக்குப் பதினொரு மில்லி தண்ணீர் சேர்த்தால் 40-க்கு வந்துவிடும். நிறத்தை வைத்தும் கண்டுபிடிப்பார்கள், எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுங்கள்.

ஓமலூர்_பைக்:
வெளிநாட்டிலிருந்து எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? என் மாமா மார்ச்சில் வருகிறார். இது கேட்கலாம்தானே?

நெறியாளர்:
கேட்கலாம். சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர் வரை வரி இல்லை. 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டு.

குகைவாசி:
பாட்டிலில் பாதிக்கும் கீழேதான் இருக்கிறது. அடுத்த வாரம் வரை தாங்குமா வாத்தியாரே? சேலத்து அலமாரியில் இருக்கிறது.

ஈஸ்ட்_வாத்தியார்:
ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் வைப்பதாக இருந்தால் உள்ளே காற்று அதிகம் என்பதால் வாசம் இறங்கும், அப்போது சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்கு முழுசாக நிரப்பி மாற்றிவிடுங்கள். நிற்கவைத்தே வையுங்கள், படுக்கவைத்தால் கார்க் ஊறிக் கெடும். வெயில் படாத அலமாரி, அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். மாற்றுகிற பாட்டில் ஊறுகாய், நல்லெண்ணெய் எதுவும் இருந்ததாக இருக்கக் கூடாது, எத்தனை கழுவினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சாமை_சோறு:
பெயர் மறைத்து ஊற்றுகிற அன்று தட்டில் வறுத்த பனிவரகு நான் அனுப்புகிறேன். காப்பித்தோட்டக்காரர் அண்ணன் பக்கம் வைக்க வேண்டாம், சண்டைக்கு வருவார்.